வருகைக்குக் காத்திருக்கும் சீஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு, ஒருவர் மட்டும் தயங்கி நின்று கேட்பாரே, பெரும்பாலும் அப்படிப்பட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து, வசனங்களை ஒத்துப்பார்த்துக்கொண்டே படியுங்கள். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் இருக்க, கேள்விகளுக்கு எண் போட்டிருக்கிறோம்.

1. இரண்டாம் வருகைன்னா சரியா என்னங்க? ஒவ்வொரு சபையிலயும் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்களே?

சபைகள் வேறுபடுவது நிகழ்ச்சிகளின் வரிசையிலும் விவரத்திலும்தான். அடிப்படையில் எல்லாரும் ஒன்றையே அறிக்கையிடுகிறார்கள். பரலோகத்துக்கு ஏறிப்போன அதே இயேசு திரும்ப வருவார் (அப்போஸ்தலர் 1:11). கண்கள் யாவும் அவரைக் காணும் (வெளிப்படுத்தல் 1:7). மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு நடக்கும், தேவன் சகலத்தையும் புதிதாக்குவார்.

கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய சங்கம் எழுதிய விசுவாசப்பிரமாணத்திலேயே, உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் வருவார் என்ற அறிக்கை இருக்கிறது. "அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை" என்ற வரி 381இல் அதோடு சேர்ந்தது. வரிசையைப் பற்றிய சண்டையை 12ஆம் கேள்விக்கு ஒதுக்கியிருக்கிறோம். முதலில் அங்கே போய்விட வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள்.

2. நான் விசுவாசிதான். சீஷன்னு தனியா ஒண்ணு இருக்கா?

தனி வகுப்பு எதுவும் இல்லை. "கிறிஸ்தவன்" என்ற சொல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது (அப்போஸ்தலர் 11:26, 26:28, 1 பேதுரு 4:16). "சீஷன்" என்ற சொல் 250 தடவைக்கு மேல் வருகிறது. அந்தியோகியாவில் சீஷர்களைத்தான் கிறிஸ்தவர்கள் என்று அழைத்தார்கள். சீஷனாகாத கிறிஸ்தவன் என்ற ஆளை அந்தப் பக்கங்களில் தேடினாலும் கிடைக்காது.

சீஷன் என்றால் குருவோடு இருந்து, அவர் செய்வதைப் பார்த்து, தானும் செய்யப் பழகுகிறவன். லூக்கா 9:23இல் "அனுதினமும்" என்ற ஒரு சொல் இருக்கிறது: "தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்." ஞானஸ்நானம் பெற்ற நாளில் ஒரு தடவை தீர்மானித்து முடித்துவிடும் காரியமாக இயேசு இதைச் சொல்லவில்லை. இன்று காலை எழுந்தபோதும் அந்தத் தீர்மானம் வேண்டியிருந்தது. நாளைக்கும் வேண்டியிருக்கும்.

3. "விழித்திருங்கள்"னு சொல்றாரே, ராத்திரி தூங்காம ஜெபம் பண்ணணுமா?

முழு இரவு ஜெபம் நல்லதுதான், ஆனால் அந்த வார்த்தையின் பொருள் அது மட்டும் இல்லை. மாற்கு 13:34ஐக் கவனியுங்கள். ஒருவர் பிரயாணம் போகும்போது வீட்டை ஊழியக்காரரிடம் ஒப்படைத்து, அவனவனுக்குத் தன்தன் வேலையை நியமித்துவிட்டுப் போகிறார். வாசற்காவலனுக்கு மட்டும்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது வேலை. மற்றவர்களுக்குச் சமையல், கணக்கு, வயல், மந்தை. எஜமான் வரும்போது அவனவன் தன் வேலையில் இருந்தால் அந்த வீடு விழித்திருக்கிற வீடு.

மத்தேயு 24:45 இதை இன்னும் தெளிவாக்குகிறது. அங்கே புகழப்படுகிறவன் வேலைக்காரருக்கு ஏற்ற வேளையில் சாப்பாடு கொடுத்தவன். வேறு பெரிய சாதனை எதையும் அவன் செய்யவில்லை. "எஜமான் வரும்போது அப்படிச் செய்கிறவனாகக் காணப்படுகிற ஊழியக்காரனே பாக்கியவான்." இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஒரு வசனத்தைச் சுற்றியே வரும்.

மாற்கு 13:35இல் இயேசு நான்கு ஜாமங்களைச் சொல்கிறார்: சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவும் நேரம், காலை. அடுத்த அதிகாரத்திலும் அதற்கடுத்ததன் முதல் வசனத்திலும் அதே வரிசையில் சீஷர்கள் தவறுவதைப் பாருங்கள். சாயங்காலம் பந்தியில் காட்டிக்கொடுக்கிறவன் உட்கார்ந்திருக்கிறான். இரவில் கெத்செமனேயில் மூன்று பேர் தூங்குகிறார்கள். சேவல் கூவும்போது பேதுரு மறுதலித்து முடிக்கிறான். விடிந்ததும் இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோகும்போது கூட யாரும் இல்லை. விழிப்பு என்பது உலகத்தின் கடைசி நாளுக்காக எடுத்துவைக்கும் சங்கதி இல்லை என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. இன்று ராத்திரியே அது தேவைப்படுகிறது.

4. பத்துக் கன்னிகைகள்ல அந்த எண்ணெய் எதைக் குறிக்குது?

பரிசுத்த ஆவி என்பார்கள், விசுவாசம் என்பார்கள், நற்கிரியை என்பார்கள். உவமையில் இயேசு விளக்கம் தரவில்லை, ஆகவே ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை மறுக்க வேண்டாம். கதை எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே பாடம் கிடைக்கும்.

பத்துப் பேரும் கன்னிகைகள், பத்துப் பேரிடமும் தீவட்டி, பத்துப் பேரும் மணவாளனுக்காகத்தான் வந்தார்கள். பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள் (மத்தேயு 25:5). இதைப் பலர் கவனிப்பதில்லை. புத்தியுள்ளவர்களும் தூங்கினார்கள், அதற்காக அவர்கள் கடிந்துகொள்ளப்படவில்லை. வித்தியாசம் கையிலிருந்த இன்னொரு பாத்திரத்தில் இருக்கிறது. தீவட்டியில் ஏற்கெனவே ஊறியிருந்த எண்ணெய் கொஞ்ச நேரத்துக்குத்தான். அது வற்றினால் முதலில் சுடர் சுருங்கும், பிறகு திரி கருகிப் புகையும், அப்புறம் அணையும். "எங்கள் தீவட்டிகள் அணைந்துபோகிறதே" என்று அவர்கள் அலறுவது அந்தக் கட்டத்தில்தான். ஐந்து பேர் சீக்கிரம் வருவார் என்ற கணக்கில் வந்தார்கள். மற்ற ஐந்து பேர் தாமதித்தாலும் தாங்கும்படி வந்தார்கள்.

கடைசி நேரத்தில் அந்த எண்ணெயைப் பங்குபோட முடியவில்லை. அம்மாவின் ஜெபம் பிள்ளைக்குப் பெரிய ஆசீர்வாதம், ஆனால் பிள்ளையும் ஜெபிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

5. சரி, தினமும் என்னதான் செய்யணும்? வேலைக்குப் போறேன், எனக்கு நேரமே இல்ல.

அரை மணி நேரம் போதும். காலையில் இருபது நிமிடம், இரவில் பத்து நிமிடம். அதைவிட அதிகமாகத் தொடங்குகிறவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

காலை: புதிய ஏற்பாட்டில் ஒரு அதிகாரம். மொத்தம் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் முடியும், வாரத்தில் இரண்டு நாள் தவறியதை ஈடுகட்ட மிச்சம் இருக்கும். முழு வேதாகமமும் ஒரே வருடத்தில் வேண்டுமானால் 1189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேல். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது பாரமாகிவிடும். வாசித்த பிறகு ஒரே ஒரு வசனத்தை நோட்டில் கையால் எழுதுங்கள், அதன் கீழே இன்றைக்கு நான் செய்ய வேண்டிய ஒன்றை எழுதுங்கள். "அன்பாயிருக்க வேண்டும்" என்று எழுதினால் சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். "தங்கச்சிக்குப் போன் பண்ணி விசாரிக்கணும்" என்று எழுதினால் செய்தோமா இல்லையா என்று தெரிந்துவிடும். பிறகு ஜெபம். கர்த்தருடைய ஜெபத்தை வரி வரியாக நிறுத்தி, ஒவ்வொரு வரியிலும் உங்கள் சொந்தக் காரியத்தைச் சேர்த்து ஜெபித்தாலே பத்து நிமிடம் போய்விடும். ஆதிச் சபையின் பழைய போதனை நூலான திதாகே, அந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று தடவை ஜெபிக்கச் சொல்கிறது.

இரவு: அன்றைய நாளைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் பாருங்கள். எதற்கு நன்றி சொல்ல வேண்டும்? எங்கே தவறினேன்? நாளைக்கு யாரிடம் எதைச் சரிசெய்ய வேண்டும்? தவறினதைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "எல்லாப் பாவத்தையும் மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்வது சுலபம், ஆனால் எதைத் திருத்த வேண்டும் என்பது அதில் தெரியாது. "மேலதிகாரியிடம் பொய்க் காரணம் சொன்னேன்" என்றால் தெரியும்.

வாரத்தில் ஒன்று: சபை ஆராதனை, கூடவே ஒரு வேளை உபவாசம். எடுத்த எடுப்பிலேயே மூன்று நாள் உபவாசத்தில் இறங்காதீர்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டு, அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள், தண்ணீர் குடியுங்கள். அந்தச் சாப்பாட்டின் செலவு பசியுள்ள ஒருவருக்குப் போக வேண்டும் என்பது ஏசாயா 58:7இன் கருத்து. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் சாப்பாட்டை விடாமல், திரை பார்ப்பது போன்ற வேறொன்றை விடலாம்.

6. ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல விட்டுப்போகுது. எத்தனை தடவைதான் மறுபடி ஆரம்பிக்கிறது?

விட்டுப்போகும் இடங்கள் அநேகமாக எல்லாருக்கும் ஒன்றேதான். ஒரு எழுப்புதல் கூட்டம் முடிந்த சூட்டில், அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன் என்று பொருத்தனை பண்ணுவது. ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோவது. கண் விழித்ததும் முதலில் போனை எடுப்பது. இந்தக் கடைசிதான் மிகக் கொடியது. ஐந்து நிமிடச் செய்திகளுக்குப் பிறகு மனம் ஜெபத்தில் நிற்காது. போனை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிட்டு, வேதாகமத்தைப் போன் கிடந்த இடத்தில் வையுங்கள்.

தவறிய நாட்களின் அதிகாரங்களைச் சேர்த்து வாசித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கடன் ஏறினது போலத் தோன்றி மொத்தமும் நின்றுபோகும். இன்றைய அதிகாரத்தை வாசியுங்கள், அவ்வளவுதான். எத்தனை தடவை என்று கேட்டீர்கள். "அனுதினமும்" என்றுதான் வசனம் சொல்கிறது, மறுபடி ஆரம்பிப்பதும் அதில் அடக்கம்.

7. சீக்கிரம் வரப்போறார்னா படிப்பு, கல்யாணம், வீடு, சேமிப்பு இதெல்லாம் எதுக்கு?

தெசலோனிக்கேயில் சிலர் இதே முடிவுக்கு வந்துவிட்டதாகத் தெரிகிறது. வேலையை விட்டுவிட்டு, வீண் அலுவற்காரராய்த் திரிந்தார்கள். அவர்களுக்குப் பவுல் எழுதினதுதான் "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" (2 தெசலோனிக்கேயர் 3:10). வசனம் "மனதில்லாதிருந்தால்" என்கிறது. வேலை கிடைக்காதவரையும் நோயாளியையும் இதைச் சொல்லிக் குத்தக்கூடாது. வருகையைப் பற்றி இவ்வளவு எழுதிய பவுல்தான் கூடாரம் தைத்துச் சம்பாதித்தார் (அப்போஸ்தலர் 18:3).

படியுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், வீடு கட்டுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களிடம், இன்னும் 70 வருடத்தில் திரும்பக் கொண்டுவருவேன் என்ற தேவன், அதுவரைக்கும் வீடு கட்டி, தோட்டம் நாட்டி, பெண் கொண்டு பெண் கொடுக்கச் சொன்னார் (எரேமியா 29:5-10). நோவாவின் நாட்களைப் பற்றி இயேசு பேசும்போது புசித்ததும் குடித்ததும் பெண்கொண்டதும் பாவம் என்று சொல்லவில்லை. அதற்கு மேல் ஒன்றும் அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் கேடு (மத்தேயு 24:38-39).

சேமிப்புக்கு ஒரு சோதனை இருக்கிறது. வருமானம் கூடும்போது கொடுப்பதும் கூடுகிறதா? வாரத்தின் முதல் நாளில், வரவுக்குத் தக்கதாக, தனியே எடுத்துவைக்கச் சொல்கிறது 1 கொரிந்தியர் 16:2. செலவு போக மிஞ்சியதைக் கொடுப்பவர்களுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. முதலிலேயே எடுத்துவைப்பவர்களால் கொடுக்க முடிகிறது.

8. எனக்குப் பெரிய தாலந்து ஒண்ணும் இல்லையே. பாட வராது, பிரசங்கம் வராது.

தாலந்து என்ற சொல்லை நாம் திறமை என்ற பொருளில் பேசிப் பேசியே, எஜமான் பிரயாணம் போகும்போது ஊழியக்காரரிடம் தாலந்துகளை ஒப்படைத்த உவமை (மத்தேயு 25:14-30) கைநழுவிவிட்டது. அது பணத்தின் அளவு. ஒரு தாலந்து சுமார் 6000 தெனாரியு. ஒரு தெனாரியு ஒரு நாள் கூலி. திராட்சத்தோட்டத்து வேலையாட்களுக்குப் பேசின "ஒரு பணம்" அதுதான் (மத்தேயு 20:2). வருடத்தில் 300 நாள் வேலை என்று வைத்தால் ஒரு தாலந்து இருபது வருட உழைப்பு. ஒரே தாலந்து பெற்றவனை ஏழை என்று யாரும் சொல்ல முடியாது. அவன் அதைப் புதைத்ததற்குக் காரணம் எஜமானைக் கடினமானவர் என்று நினைத்ததுதான் (மத்தேயு 25:24-25).

உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது எது என்று எழுதிப் பாருங்கள்: நேரம், வீடு, வாகனம், தெரிந்த தொழில், பேசத் தெரிந்த மொழி, நம்பிப் பேசும் நான்கு பேர். அதே அதிகாரத்தின் கடைசியில் ராஜா விசாரிப்பது சாப்பாடு, தண்ணீர், தங்க இடம், துணி, நோயாளியைப் பார்த்தது, காவலில் இருந்தவரிடம் போனது. பாட்டும் பிரசங்கமும் அந்தப் பட்டியலில் இல்லை.

9. ரெண்டாயிரம் வருஷமா "வர்றார், வர்றார்"னு சொல்றாங்க. இன்னும் வரலையே?

இந்தக் கேள்வி முதல் நூற்றாண்டிலேயே வந்தது. "அவர் வருவார் என்று சொல்லுகிற வாக்குத்தத்தம் எங்கே?" என்று கேட்பார்கள் என 2 பேதுரு 3:4இல் இருக்கிறது. பதில் ஒன்பதாம் வசனத்தில்: "ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்பவேண்டுமென்று விரும்பி, நம்மேல் நீடிய பொறுமையுள்ளவராயிருக்கிறார்."

உங்கள் வீட்டில் கடைசியாக இரட்சிக்கப்பட்டவர் யார்? அதற்கு முந்தின வருடம் இயேசு வந்திருந்தால்? தாமதம் என்று நாம் சொல்வதில் யார் யாரெல்லாம் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

10. ஒரு ஊழியர் வேதத்துல இருந்தே கணக்குப் போட்டு வருஷம் சொல்றார். வசனமெல்லாம் சரியாதான் இருக்கு. நம்பலாமா?

நம்ப வேண்டாம். "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" (மத்தேயு 24:36). "நாளும் நாழிகையும்தானே தெரியாது, வருடம் தெரியலாமே" என்று ஒரு வாதம் வரும். அதற்கும் வழி அடைபட்டிருக்கிறது: "காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல" (அப்போஸ்தலர் 1:7).

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியார் தானியேல் 8:14இன் 2300 நாட்களை வருடங்களாக எண்ணினார். 1843-44 என்றார், அது போனது. பிறகு அவரது இயக்கத்தார் 1844 அக்டோபர் 22 என்று குறித்தார்கள். அறுவடை செய்யாமல் பயிரை வயலிலேயே விட்டவர்கள் உண்டு. 23ஆம் தேதி விடிந்தது. அதை இன்றைக்கும் "பெரும் ஏமாற்றம்" என்றே வரலாற்றில் சொல்கிறார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், பிறகு அதே வருடம் அக்டோபர் 21 என்றார், 2012இல் தாம் தவறியதை ஒப்புக்கொண்டார். இவர்கள் வேதம் வாசிக்காதவர்கள் இல்லை. ஆண்டவர் கொடுக்காத ஒன்றை வசனத்திலிருந்து பிழிந்தெடுக்கப் பார்த்தார்கள்.

தேதி சொல்கிறவர் கூடவே காணிக்கை கேட்டால், வேலையை விடச் சொன்னால், சொத்தை எழுதித் தரச் சொன்னால், அன்றைக்கே விலகுங்கள். பணம் கேட்காமல் உண்மையாகவே நம்பிச் சொல்கிறவரிடம் அன்பாகப் பேசுங்கள். அந்த நாள் கடந்துபோகும்போது அவர் விசுவாசமே உடைந்துபோகலாம், அப்போது பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

11. யுத்தம், பூமியதிர்ச்சி, கொள்ளைநோய்... எல்லாம் நிறைவேறுதே. அப்புறம் இந்த 666, சிப்பு, பார்கோடு? தெரியாம வாங்கிட்டா போச்சா?

யுத்தச் செய்திகளைப் பற்றி இயேசு சொன்ன முதல் கட்டளை கலங்காதிருங்கள் என்பதுதான். "முடிவு உடனே வராது" என்றும் "இவைகளெல்லாம் வேதனைகளுக்கு ஆரம்பம்" என்றும் தொடர்ந்து சொல்கிறார் (மத்தேயு 24:6-8). செய்தியைப் பார்த்து வசனத்தோடு ஒட்டவைத்து எல்லாருக்கும் அனுப்புவதை விழிப்பு என்று நினைத்துவிடுகிறோம். அந்தச் செய்தியில் வரும் ஜனங்களுக்காக ஜெபித்து, முடிந்த உதவியை அனுப்பினால் அது மூன்றாம் பதிலில் சொன்ன ஊழியக்காரனின் வேலை.

மிருகத்தின் எண்ணான 666ஐக் கையிலோ நெற்றியிலோ தரிக்கும் முத்திரையைப் (வெளிப்படுத்தல் 13:16-18) பொறுத்தவரை, வெளிப்படுத்தல் 14:9ஐ முழுதாக வாசியுங்கள்: மிருகத்தை வணங்குவதும் முத்திரை தரிப்பதும் சேர்ந்தே வருகிறது. அது யாரை ஆராதிக்கிறோம் என்ற கேள்வி. கடையில் ஒரு பொருளை வாங்கியதால் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் ஒன்றாக வேதம் அதைக் காட்டவில்லை. கையும் நெற்றியும் ஏன் என்று பார்க்க உபாகமம் 6:8க்குப் போங்கள். தேவனுடைய வார்த்தையைக் கையிலும் கண்களின் நடுவிலும் கட்டச் சொன்ன இடம் அது. வெளிப்படுத்தலின் அதே 14ஆம் அதிகாரத் தொடக்கத்தில் ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கிறவர்களின் நெற்றியிலும் ஒரு நாமம் எழுதியிருக்கிறது (வெளிப்படுத்தல் 14:1). அதைப் பற்றி நம்மிடம் யாரும் பயத்தோடு கேட்பதில்லை, ஏனோ.

எண்ணைப் பற்றி ஒரு விவரம். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 666க்குப் பதில் 616 இருக்கிறது. ரோமப் பேரரசர் நேரோவின் பெயரை "நேரோன் கேசர்" என்று எபிரெய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண் மதிப்பைக் கூட்டினால் 666 வரும். கடைசி 'ன்' இல்லாமல் "நேரோ" என்று எழுதினால் 50 குறைந்து 616. அதனால் முதல் வாசகர்களுக்கு இது இராயனை, அதாவது பேரரசரை, வணங்கச் சொன்ன ரோம ஆட்சியை நினைவுபடுத்தியிருக்கும் என்று பல வேத அறிஞர்கள் கருதுகிறார்கள். இன்னொன்று: "அந்திக்கிறிஸ்து" என்ற சொல் வெளிப்படுத்தலில் ஒரு இடத்திலும் இல்லை. யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் மட்டும்தான் இருக்கிறது, அங்கேயே "அநேக அந்திக்கிறிஸ்துகள்" என்று பன்மையிலும் வருகிறது (1 யோவான் 2:18).

12. சபை எடுத்துக்கொள்ளப்படுறது உபத்திரவத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?

ஆண்டவரை நேசிக்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். விசுவாசிகள் ஆண்டவரைச் சந்திக்க மேலே எடுத்துக்கொள்ளப்படுவது, கடைசிக்கால உபத்திரவத்துக்கு முன்னதாக, தனியாக நடக்கும் என்ற போதனை 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற வேத போதகரின் மூலம் பரவலானது. தேவன் நம்மைக் கோபாக்கினைக்கு நியமிக்கவில்லை என்ற 1 தெசலோனிக்கேயர் 5:9 அவர்களுக்கு முக்கியமான வசனம். ஒரே வருகைதான் என்கிறவர்கள், 4:17இல் "எதிர்கொண்டு" போவதற்கு இருக்கும் கிரேக்கச் சொல்லைக் காட்டுகிறார்கள். அதே சொல் மணவாளனுக்கு எதிர்கொண்டு போகும் இடத்திலும் (மத்தேயு 25:6), ரோமாபுரிச் சகோதரர் வழியில் வந்து பவுலைச் சந்தித்து ஊருக்குள் அழைத்துப்போகும் இடத்திலும் (அப்போஸ்தலர் 28:15) வருகிறது. ஆயிர வருட அரசாட்சியிலும் இப்படித்தான். வெளிப்படுத்தல் 20ஐ மூன்று விதமாக வாசிக்கிறார்கள்.

உங்கள் சபை போதிப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள், மற்றவர்கள் ஏன் வேறுவிதமாக வாசிக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உபத்திரவமே வராது என்று நிச்சயித்துக்கொண்டு ஆயத்தமில்லாமல் இருப்பதுதான் ஆபத்து. இந்த விவாதத்தில் ஒரு சகோதரனை இழந்தால், எந்தப் பக்கம் ஜெயித்தாலும் நஷ்டம்.

13. வீட்டுக்கு வந்து யாரையும் காணோம்னா, "எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டாங்களோ, நான் மட்டும் கைவிடப்பட்டேனோ"னு சின்ன வயசுல இருந்தே பயம். இப்பவும் இருக்கு.

இந்தப் பயத்தோடு வளர்ந்தவர்கள் நிறைய பேர். சொல்ல வெட்கப்பட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கீழ்ப்படியவைக்க வருகையை மிரட்டலாக எடுத்ததால் வந்த காயம் இது. பெற்றோர்களே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எடுத்துக்கொள்ளப்படுவதைச் சொல்லும் வேதபகுதியைப் பவுல் முடிக்கும் விதம் இது: "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 4:18). தேற்றுவதற்காக எழுதப்பட்டதை வைத்துப் பயமுறுத்தினால் அது வசனத்தைப் புரட்டுவதாகும்.

பயம் எழும்பும்போது கடைசிக் கட்டத்தை நினைக்காமல், வருகிறவர் யார் என்று நினையுங்கள். குஷ்டரோகியைத் தொட்டவர், பேதுருவுக்காகக் கரையில் நெருப்புமூட்டி மீன் சுட்டுவைத்தவர். பயம் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால், நம்பிக்கையான போதகரிடமும், வேண்டுமானால் மனநல மருத்துவரிடமும் பேசுங்கள். அது அவிசுவாசம் இல்லை.

14. நான் பாவத்துல விழுந்த அந்த நிமிஷத்துல அவர் வந்துட்டா?

நீங்கள் அவருடையவர் என்பது உங்கள் கடைசி நிமிடத்தின் நிலவரத்தில் தொங்கவில்லை. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் (எபேசியர் 2:8). விழுந்தவனுக்குப் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் (1 யோவான் 2:1). மூன்றாம் பதிலில் சொன்ன சேவல் கூவும் நேரத்தில் விழுந்த பேதுருவைத்தான் ஆண்டவர் "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று எழுப்பினார்.

மத்தேயு 24:48இன் ஊழியக்காரன் வேறு ரகம். "என் ஆண்டவன் வர நாள் செல்லும்" என்று திட்டம்போட்டு, உடன் வேலைக்காரரை அடிக்கத் தொடங்குகிறான். விழுந்து அழுகிறவர் இந்த வசனத்தைத் தன்மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். "பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்" என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறவர் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

15. ஒருத்தரை மன்னிக்கவே முடியல. இந்த நிலைமையில ஆண்டவரைச் சந்திக்க முடியுமா?

தப்பு உங்கள் பக்கம் என்றால், இன்றைக்கே போன் பண்ணுங்கள். "அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போது உங்களை அப்படிப் பேசினேன். அது தப்பு. மன்னிச்சிருங்க." இவ்வளவுதான். "ஆனா நீங்களும்..." என்று தொடங்கினால் மன்னிப்பு விவாதமாகிவிடும். கடன் இருந்தால் தொகையையும் தேதியையும் சொல்லுங்கள். அவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் உங்கள் பங்கு முடிந்தது (ரோமர் 12:18).

தப்பு அவர் பக்கம் என்றால், முதலில் தனிமையில் அவரிடமே பேசச் சொல்கிறது மத்தேயு 18:15. மூன்றாவது ஆளிடம் "ஜெபக் குறிப்பாக" சொல்வது அந்த வரிசையில் இல்லை. மன்னிப்பது ஒரே நாளில் முடியாமல் போகலாம். நினைவு வரும்போதெல்லாம், உணர்வு வராவிட்டாலும், அவரை ஆசீர்வதித்து ஒரு வரி ஜெபியுங்கள். அடித்தவரிடமும் துன்புறுத்தியவரிடமும் திரும்பிப்போய் வாழ்வது மன்னிப்பின் பகுதி இல்லை. பாதுகாப்பாக இருந்துகொண்டே மன்னிக்கலாம், சட்டத்தின் உதவியையும் நாடலாம்.

16. வீட்ல நான் மட்டும்தான் விசுவாசி. அவங்களை நினைச்சா பயமா இருக்கு, எப்பப் பார்த்தாலும் வசனம் சொல்லிட்டே இருக்கேன்.

வசனத்தைக் குறையுங்கள், வேலையைக் கூட்டுங்கள். விசுவாசியாத கணவர்களைப் போதனையின்றி நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தலாம் என்கிறது 1 பேதுரு 3:1. அவர்கள் கேட்கும்போது சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் (3:15). கேட்கவே இல்லையென்றால், கேட்கத் தோன்றும்படி நம் வாழ்க்கை இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் சொல்லி, தினமும், ஒரே நேரத்தில் ஜெபியுங்கள்.

17. உண்மையைச் சொல்றேன், அவர் சீக்கிரம் வரணும்னு எனக்கு ஆசையே வரல. வாழ்க்கை இப்பதான் நல்லா போகுது.

இதை வெளிப்படையாகச் சொன்னதே நல்ல தொடக்கம். இதையே அவரிடமும் இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். அவருடைய வருகை உங்கள் நல்லவற்றைப் பறிக்க வருவதாக மனதில் ஒரு படம் இருக்கலாம். வெளிப்படுத்தல் 21:4 அவர் எதை நீக்குவார் என்று சொல்கிறது: கண்ணீர், மரணம், துக்கம், அலறுதல், வருத்தம். உங்களுக்கு இப்போது நன்றாகப் போகலாம். வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கோ, துக்க வீட்டுக்கோ போய்ச் சும்மா பக்கத்தில் உட்காருங்கள். அவர்களுக்காக அவர் வர வேண்டும் என்ற ஏக்கம் தானாகப் பிறக்கும்.

அந்த ஏக்கத்துக்கு ஆதிச் சபையில் ஒரு சொல் இருந்தது: மாரநாதா. இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். கிரேக்கம் பேசிய கொரிந்து சபைக்கும் பவுல் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதினார் (1 கொரிந்தியர் 16:22). "மாரனா தா" என்று பிரித்தால் "எங்கள் ஆண்டவரே, வாரும்", "மாரன் அதா" என்று பிரித்தால் "நம் ஆண்டவர் வந்தார்". திருவிருந்தில் அப்பத்தைக் கையில் வாங்கும்போது, "அவர் வருமளவும்" என்ற வார்த்தை (1 கொரிந்தியர் 11:26) காதில் விழுமே, அந்த இடத்தில் இதை மெல்லச் சொல்லிப் பழகுங்கள். இரவு ஜெபத்தின் கடைசியிலும் ஒரு தடவை. முதலில் வெறும் சொல்லாகத்தான் இருக்கும். பரவாயில்லை, சொல்லுங்கள்.